அரிப்புக் களிம்பு: மருந்துச்சீட்டின்றி வாங்கும் முன் அறிந்திருக்க வேண்டியவை

தோலில் ஏற்படும் சிறிய அரிப்புக்கு மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசுவது பொதுவான பழக்கம். பல நேரங்களில் அதனால் தீங்கு ஏதும் இல்லை. ஆனால் ‘அரிப்புக்குக் களிம்பு’ என்று கேட்டால் கிடைக்கும் பொருள்கள் அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சில தோலைக் குளிர்விப்பவை. சில பூஞ்சையை அழிப்பவை. வேறு சில ஸ்டீராய்டு கலந்தவை. இவற்றுள் எது உங்கள் கையில் உள்ளது என்பதை நீங்களே அறிந்துகொள்ள இப்பக்கம் உதவும்.

சுருக்கமாக:

• கொசுக்கடி, வேர்க்குரு, வறண்ட தோல் போன்றவற்றுக்குக் கேலமைன் லோஷனும் ஈரப்பதக் களிம்பும் பெரும்பாலும் போதும்.
• ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவரின் சீட்டின்றி வாங்கவோ பூசவோ கூடாது.
• வட்டமாகப் படரும் அரிப்புப் புண்ணுக்கு ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு அடங்கும், நோய் வளரும்.
• 7 நாள்களில் குறையாத அரிப்புக்கு மருத்துவரைக் காண வேண்டும்.

ஒரு டியூப், எட்டு மாதங்கள்

ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், போரூர் சுற்றுவட்டாரத்தில் இருந்து வரும் நோயாளிகளிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் கதை ஒன்று உண்டு. சென்னையின் கோடையில் நாள் முழுவதும் வியர்வையில் நனைந்த உடையுடன் வேலை செய்பவர். பேருந்து ஓட்டுபவராக இருக்கலாம், கட்டுமானப் பணியாளராக இருக்கலாம், காவலாளியாக இருக்கலாம். தொடையிடுக்கில் அரிப்பு தொடங்குகிறது. கூச்சத்தினால் மருத்துவரிடம் செல்லாமல் கடையில் ஒரு டியூப் வாங்குகிறார். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. ‘நல்ல மருந்து’ என்று எண்ணுகிறார். நிறுத்திய ஒரு வாரத்தில் அரிப்பு மீண்டும் வருகிறது, மீண்டும் பூசுகிறார். எட்டு மாதங்களுக்குப் பின் அவர் எங்களிடம் வரும்போது, புண் இடுப்பு, வயிறு, முதுகு எனப் பரவியிருக்கிறது. தொடையின் உட்பக்கத்தில் பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் விழுந்திருக்கின்றன. வீட்டில் மனைவிக்கும் குழந்தைக்கும் அதே நோய் தொற்றியிருக்கிறது.

பூஞ்சைக்கு மருந்து கொடுத்து அவரைக் குணப்படுத்த முடியும். ஆனால் அந்தக் கோடுகள் மங்குமே தவிர, முழுவதுமாக மறைவதில்லை.

அரிப்பு ஏன் ஏற்படுகிறது?

அரிப்பு தனி நோயன்று. அது ஓர் அறிகுறி. காரணத்தைப் பொறுத்தே மருந்து மாறும். நம் பகுதியில் பொதுவாகக் காணப்படும் காரணங்கள் இவை:

• வேர்க்குரு: வியர்வை நாளங்கள் அடைபடுவதால் கழுத்து, முதுகு, மார்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள் தோன்றும். கத்திரி வெயில் காலத்தில் மிகுதி.
• கொசு மற்றும் பூச்சிக்கடி: வடகிழக்குப் பருவமழைக்குப் பின் அதிகரிக்கும்.
• வறண்ட தோல்: முதியோரிடமும், குளிரூட்டப்பட்ட அறையில் நெடுநேரம் பணிபுரிவோரிடமும் காணப்படும்.
• ஒவ்வாமை: தலைச்சாயம், நிக்கல் கலந்த நகை, இரப்பர்க் காலணி, சிமென்ட், பார்த்தீனியச் செடி போன்றவற்றால் ஏற்படும்.
• படர்தாமரை: பூஞ்சைத் தொற்று. ஓரம் சிவந்து தடித்து, நடுப்பகுதி தெளிந்து, வட்டமாக விரியும்.
• சொறி சிரங்கு: நுண்ணிய சிற்றுண்ணியால் வருவது. இரவில் அரிப்பு மிகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களில் தொடங்கும். வீட்டில் ஒருவருக்கு மேல் அரிப்பு இருந்தால் இதை முதலில் ஐயுற வேண்டும்.

இவற்றுள் முதல் மூன்றும் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளத் தக்கவை. லேசான ஒவ்வாமை, காரணமான பொருளைத் தவிர்த்தாலே அடங்கக்கூடும். கடைசி இரண்டும் தொற்றுநோய்கள். அவற்றுக்கு உரிய மருந்து இன்றி அரிப்பை மட்டும் அடக்குவதால் பயனில்லை.

மருந்துச்சீட்டின்றிப் பயன்படுத்தத் தக்கவை

கேலமைன் லோஷன்: துத்தநாக ஆக்சைடுடன் சிறிதளவு இரும்பு ஆக்சைடு சேர்ந்த இளஞ்சிவப்பு நிற மருந்து. நீர் ஆவியாகும்போது தோல் குளிர்ந்து அரிப்பு தணிகிறது. வேர்க்குரு, பூச்சிக்கடி, லேசான தடிப்பு ஆகியவற்றுக்கு ஏற்றது. குப்பியைக் குலுக்கிய பின், பஞ்சில் நனைத்து மெல்லியதாகத் தடவவும். கண், வாய், பிறப்புறுப்பின் உட்பகுதி, நீர் கசியும் புண் ஆகிய இடங்களில் தடவ வேண்டாம். வறண்ட தோலில் தொடர்ந்து பூசினால் வறட்சி மிகும்.

ஈரப்பதக் களிம்பு: வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி, திரவப் பாரஃபின் கலந்த கிரீம் போன்றவை. வறண்ட தோலின் அரிப்புக்கு இவையே முதன்மை மருந்து. குளித்த மூன்று நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும். தேங்காய் எண்ணெயும் வறண்ட தோலுக்கு உதவும். ஆனால் வேர்க்குரு உள்ள இடத்தில் எண்ணெயோ கெட்டியான களிம்போ பூசினால் அடைப்பு மிகும். இத்தகைய களிம்புகள் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும் என்பதால், அடுப்பு, விளக்கு ஆகியவற்றின் அருகே செல்லும்போது எச்சரிக்கை தேவை.

மென்தால், கற்பூரம் கலந்தவை: குளிர்ச்சி உணர்வால் அரிப்பை மறக்கச் செய்பவை. கீறல் விழுந்த தோலில் எரிச்சல் தரும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் சென்றால் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். எனவே எட்டாத இடத்தில் வைக்கவும்.

குளிர்ந்த ஒத்தடம்: தூய துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து 10 நிமிடங்கள் வைத்தல். செலவற்றது, எந்த வயதினருக்கும் ஏற்றது.

சுண்ணாம்பு, பூண்டு விழுது, மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றை ஒருபோதும் தோலில் பூச வேண்டாம். இவற்றால் ஏற்படும் வேதிப்புண் முதலில் இருந்த அரிப்பைவிடக் கொடியது.

ஸ்டீராய்டு களிம்பில் உள்ள இடர் என்ன?

ஸ்டீராய்டு களிம்பு தீய மருந்தன்று. கரப்பான், காளாஞ்சகப்படை போன்ற நோய்களுக்கு, சரியான வலிமையில், சரியான நாள்களுக்கு மருத்துவர் எழுதித் தரும்போது அது இன்றியமையாதது. தவறான நோய்க்கு, தவறான இடத்தில், வரம்பின்றிப் பூசும்போதுதான் அது தீங்காகிறது.

பூஞ்சை தோலில் குடியேறும்போது உடலின் எதிர்ப்பாற்றல் அதனுடன் போரிடுகிறது. அந்தப் போரின் வெளிப்பாடே சிவப்பும் அரிப்பும். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பாற்றலை அடக்குகிறது. எனவே அரிப்பு குறைகிறது. பூஞ்சையோ தடையின்றிப் பரவுகிறது. வட்ட வடிவமும் ஓரச் சிவப்பும் மறைந்துவிடுவதால், அனுபவமுள்ள மருத்துவருக்கும் நோயை அடையாளம் காண்பது கடினமாகிறது.

தொடர்ந்து பூசுவதால் ஏற்படக்கூடிய பிற விளைவுகள்:

• தோல் மெலிதல், இரத்த நாளங்கள் வெளித்தெரிதல், எளிதில் கன்றிப்போதல்
• தொடையிடுக்கு, அக்குள் ஆகிய இடங்களில் நிலையான கோடுகள்
• முகத்தில் சிவப்பு, பருக்கள், தேவையற்ற முடி வளர்ச்சி, வெயில் பட்டால் எரிச்சல்
• கண்ணைச் சுற்றிப் பூசினால் கண் அழுத்த நோய், கண்புரை
• குழந்தைகளில், மருந்து இரத்தத்தில் கலந்து வளர்ச்சி குன்றுதல்

உடலின் எல்லா இடங்களும் மருந்தை ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. முன்கையுடன் ஒப்பிடும்போது நெற்றி ஏறத்தாழ 6 மடங்கும், விதைப்பையின் தோல் ஏறத்தாழ 40 மடங்கும் ஸ்டீராய்டை உறிஞ்சுவதாக 1967-ஆம் ஆண்டிலேயே ஆய்வு வெளியாகியுள்ளது. கூச்சத்தினால் மறைத்து மருந்து பூசப்படும் இடமே மிக அதிகமாக உறிஞ்சும் இடமாக உள்ளது என்பதை நினைவிற் கொள்க.

இந்தியாவில் இது பெரும் சிக்கலானது எவ்வாறு?

இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களில் மேற்கொள்ளப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முகத்தில் தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசி வந்தது தெரியவந்தது. அவர்களுள் 257 பேருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். ‘முகம் வெளுக்கும்’ என்ற நம்பிக்கையில் பூசியவர்களும் பலர்.

இதே காலகட்டத்தில் நாடெங்கும் படர்தாமரை வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத நோயாக மாறியது. இதற்குக் காரணமான பூஞ்சை வகைக்கு 2020-இல் ‘டிரைகோஃபைட்டான் இன்டோட்டினியே’ என்று பெயரிடப்பட்டது. பெயரிலேயே இந்தியா இடம்பெற்றுள்ளது. டெர்பினாஃபின் என்னும் முதன்மை மருந்துக்கு இது பல நேரங்களில் கட்டுப்படுவதில்லை. 2023-இல் அமெரிக்காவின் நியூயார்க்கிலும் இது கண்டறியப்பட்டது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளின் கட்டுப்பாடற்ற பயன்பாடு இப்பரவலுக்கு ஒரு முக்கியக் காரணம் எனத் தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர்.

சட்டம் கூறுவது என்ன?

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகள், 1945-இன் ‘அட்டவணை எச்’ பட்டியலில் உள்ள மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே விற்கலாம். ஆயினும், மேற்பூச்சு மருந்துகளுக்கு அந்த அட்டவணையில் நெடுங்காலம் ஒரு விலக்கு இருந்து வந்தது. தோல் மருத்துவர்கள் சங்கத்தின் தொடர் வலியுறுத்தலுக்குப் பின், 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருந்துச்சீட்டு கட்டாயமானவையாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கலவை மருந்துகளுள், ஸ்டீராய்டு, பாக்டீரியக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி மூன்றும் ஒன்றாகக் கலந்த சில கிரீம்களும் அடங்கும்.

விதி இருந்தும், கேட்டவுடன் டியூப் எடுத்துத் தரும் வழக்கம் முற்றிலும் நின்றபாடில்லை. ஆகவே இறுதிக் காவல் உங்கள் கையிலேயே உள்ளது.

உறையைப் படிப்பது எப்படி?

வணிகப் பெயரை நம்ப வேண்டாம். ஒரே பெயருடன் ஓர் எழுத்தோ ‘பிளஸ்’ என்ற சொல்லோ சேர்ந்தால் உள்ளே இருக்கும் மருந்து வேறாகிவிடும். பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்ட உட்கூறுகளையே பார்க்க வேண்டும்.

• கிளோபீட்டாசால், ஹேலோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமீட்டசோன், ஃப்ளூசினோலோன், டிரையம்சினோலோன்: இவற்றுள் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு களிம்பு.
• கிளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல், டெர்பினாஃபின்: இவை பூஞ்சைக்கொல்லிகள்.
• நியோமைசின், ஜென்டமைசின், ஆஃப்லாக்சசின்: இவை பாக்டீரியக்கொல்லிகள். நியோமைசினே சிலருக்கு ஒவ்வாமை அரிப்பைத் தரும்.

கிளோபீட்டாசால், கிளோட்ரிமசோல் என்ற இரு பெயர்களும் காதுக்கு ஒன்றுபோல் ஒலிக்கும். முதலாவது மிக வலிமையான ஸ்டீராய்டு, இரண்டாவது பூஞ்சைக்கொல்லி. வாய்மொழியாகக் கேட்டு வாங்கும்போது ஒன்றுக்கு மற்றொன்று மாறக்கூடும். எனவே எழுதிக் காட்டி வாங்கவும். உறையின் மேல் மூலையில் மருந்துச்சீட்டுக் குறியோ, ‘அட்டவணை எச்’ எச்சரிக்கை வாசகமோ இருந்தால், சீட்டின்றி அதை வாங்க வேண்டாம்.

எழுத்து சிறியதாக இருந்தால் அலைபேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஐயம் இருந்தால் மருந்தாளுநரிடம் ‘இதில் ஸ்டீராய்டு உள்ளதா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை.

பூசும் முறையும் அளவும்

1. கையைக் கழுவி, பாதிக்கப்பட்ட இடத்தை மென்மையான சோப்பால் கழுவி, ஒற்றித் துடைக்கவும்.
2. புதிய மருந்தெனில், முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி ஒரு நாள் காத்திருக்கவும். சிவப்போ எரிச்சலோ தோன்றினால் பயன்படுத்த வேண்டாம்.
3. மருத்துவர் எழுதித் தந்த களிம்புக்கு ‘விரல்நுனி அளவு’ என்ற கணக்கைப் பின்பற்றவும். பெரியவரின் ஆள்காட்டி விரலில், நுனி முதல் முதல் மடிப்புக் கோடு வரை பிதுக்கிய களிம்பு ஏறத்தாழ அரை கிராம். அது பெரியவரின் இரு உள்ளங்கைகள் அளவுள்ள பரப்புக்குப் போதும்.
4. அழுத்தித் தேய்க்க வேண்டாம். மெல்லிய படலமாகத் தடவவும்.
5. மருத்துவர் கூறாமல் அதன் மேல் துணிக்கட்டோ பிளாஸ்டிக் உறையோ போட வேண்டாம். இறுக மூடினால் உறிஞ்சப்படும் அளவு கூடும். குழந்தையின் டயப்பருக்கும் இது பொருந்தும்.
6. பூசிய பின் கையைக் கழுவவும். திறந்த தேதியை டியூப்பின் மேல் எழுதி வைக்கவும். ஒருவருடைய களிம்பை மற்றொருவர் பயன்படுத்த வேண்டாம்.

பூஞ்சைக்கொல்லிக் களிம்பை அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடக் கூடாது. புண் மறைந்த பின்னரும் பொதுவாக இரண்டு வாரங்கள் பூச வேண்டியிருக்கும். புண்ணின் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூச வேண்டும். இறுக்கமான ஜீன்ஸைத் தவிர்த்துத் தளர்வான பருத்தி உடை அணிதல், துண்டையும் உள்ளாடையையும் தனியே துவைத்து வெயிலில் உலர்த்துதல், வீட்டில் தொற்றுள்ள அனைவரும் ஒரே காலத்தில் மருந்து எடுத்தல் ஆகியவை மருந்துக்கு நிகரானவை. ஒரே அறையில் பலர் தங்கும் விடுதிகளில் இருப்போர் துண்டு, போர்வை ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

சொறி சிரங்குக்கு மருத்துவர் தரும் மருந்தை, அரிப்பு உள்ளவர் மட்டுமன்றி வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூச வேண்டும். முறையாகப் பூசிய பின்னரும் அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை நீடிக்கலாம். அதற்காக மருந்தை மீண்டும் மீண்டும் பூச வேண்டாம்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

குழந்தைகள்: தோல் மெல்லியது, உடல் எடையுடன் ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த அரிப்புக் களிம்பும் மருத்துவரைக் கேட்டே பூச வேண்டும். நகத்தை வெட்டி வைக்கவும்.

கர்ப்பிணிகள்: கடைசி மாதங்களில், தடிப்பு ஏதுமின்றி உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு தோன்றினால் களிம்பு பூசிக் காத்திருக்க வேண்டாம். அது கல்லீரலில் பித்தநீர் தேங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். குழந்தைக்கு இடர் உண்டு. அன்றே மருத்துவரைக் காணவும்.

முதியோரும் நீரிழிவு நோயாளிகளும்: சொறிந்த இடம் எளிதில் புண்ணாகிச் சீழ் பிடிக்கும். தடிப்பின்றி உடல் முழுவதும் அரிப்பு நீடித்தால் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரத்தசோகை ஆகியவற்றுக்குப் பரிசோதனை தேவை. படுக்கையில் இருப்போரின் மடிப்புப் பகுதிகளை நாள்தோறும் பார்த்து உலர்வாக வைக்கவும்.

வாகனம் ஓட்டுவோர்: அரிப்புக்காகத் தரப்படும் சில மாத்திரைகள் உறக்கம் தரும். மருத்துவரிடம் உங்கள் தொழிலைக் கூறிய பின்னரே பெற்றுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஸ்டீராய்டு களிம்பு பூசி வருகிறீர்களா?

அச்சமோ குற்றவுணர்வோ வேண்டாம். டியூப்பையோ உறையையோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். எத்தனை மாதங்கள், எந்தெந்த இடங்களில் பூசினீர்கள் என்பதை மறைக்காமல் கூறுங்கள். மாதக்கணக்கில் முகத்தில் பூசியவர் திடீரென நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் கடுமையாகத் திரும்பக்கூடும். அதைக் கண்டு பலர் மீண்டும் அதே களிம்பை நாடுகின்றனர். மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்தினால் இந்தச் சுழலிலிருந்து மீளலாம். மருத்துவர் உங்களுக்கு ஒருமுறை எழுதித் தந்த களிம்பாயினும், அந்தப் பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்குவதும் இதே தவறே.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

• 7 நாள்களில் அரிப்பு குறையாவிட்டால், அல்லது நின்று மீண்டும் வந்தால்
• முகம், கண்ணைச் சுற்றிய பகுதி, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் அரிப்பு இருந்தால்
• வட்டமாகப் படரும் புண் இருந்தால்
• வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் அரிப்பு இருந்தால்
• சீழ், வலி, காய்ச்சல், கொப்புளம் ஏதேனும் தோன்றினால்
• வெளிறிய அல்லது சிவந்த தேமலில் தொடு உணர்ச்சி குறைந்திருந்தால். இது தொழுநோயாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது.

உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவை தடிப்புடன் சேர்ந்து வந்தால் உடனே 108-ஐ அழைக்கவும். பொதுவான ஐயங்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணில் பேசலாம். களிம்பினால் பக்கவிளைவு ஏற்பட்டதாகக் கருதினால், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இல் நீங்களே தெரிவிக்கலாம்.

உங்கள் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ தோல் நோய்க்கான ஆலோசனையைக் கட்டணமின்றிப் பெறலாம். தொடையிடுக்கில் வந்த அரிப்பைக் காட்டக் கூச்சப்பட வேண்டாம். நாங்கள் அதை நாள்தோறும் பார்க்கிறோம். முதல் வாரத்திலேயே காட்டப்படும் படர்தாமரை பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகிறது. எட்டு மாதங்கள் மறைக்கப்பட்டது குணமாகப் பல மாதங்கள் ஆகலாம்.

இப்பக்கத்தில் உள்ளவை பொது அறிவுக்கானவை. உங்கள் நோய்க்கான மருந்தை உங்களைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.